ஒன்றுமில்லாத இடங்களில் இறக்கிவிட்டவர்

சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை கடற்கரையோரமாகச் சுற்றுலா போக வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள் என்பதுதான். மாமல்லபுரமும் புதுச்சேரியும் போதும் என்றால் கவலையில்லை. அங்கே கல்லும் கட்டடமும் தாமாகவே கண்ணில் படும். ஆனால் இந்தக் கரையின் மிகப் பெரிய ஊர்கள் மறைந்துபோனவை. காவிரிப்பூம்பட்டினத்தில் துறைமுகம் இல்லை. அரிக்கமேட்டில் மாந்தோப்புதான் இருக்கிறது. கடல் கடந்த நாட்டு அரசன் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளி நாகப்பட்டினத்தில் எங்கே நின்றது என்று தெருவில் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேரில் ஒன்பது பேர் கையை விரிப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரைந்து போகிறவருக்கு இவையெல்லாம் பச்சை நிறப் பெயர்ப்பலகைகள், அவ்வளவே.

நான் போனது ஒரு சிறிய குழுவோடு, ஒரே வேனில். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். எல்லோருக்கும் அவர் ‘சார்’தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி, கட்டடக்கலை படிக்கும் ஒரு பெண், மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப் பட்டாணியிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்று பலவிதமானவர்கள் சேர்ந்திருந்தோம். முதல் நாளே சார் ஒரு விதியைச் சொல்லிவிட்டார்: ஓடுகிற வண்டியில் எந்தக் கதையும் சொல்ல மாட்டார். “கதை நடந்த மண்ணில் நின்றுதான் கேட்க வேண்டும். வண்டிக்குள் தூங்குங்கள், பாட்டுக் கேளுங்கள். இறங்கியபின் உங்கள் காது எனக்கு வேண்டும்.” கடைசி வரை அந்த விதியை அவர் தளர்த்தவில்லை. ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடும் பஸ்ஸில் இடப்பக்கம் பாருங்கள், வலப்பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வரும் சுற்றுலாக்களில் நான் போயிருக்கிறேன். அவற்றில் கேட்டது எதுவும் இன்று நினைவில் இல்லை. சார் சொன்னதோ இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாமல்லபுரத்தைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் அர்ச்சுனன் தபசையும் பார்க்காத தமிழர் குறைவு. 1984இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்ட இடம். சார் எங்களை அங்கே அதிக நேரம் வைத்திருக்காமல், சற்று வடக்கே சாளுவன்குப்பத்துக்குக் கூட்டிப்போனார். புலிக்குகை வரை வருகிறவர்கள் அதை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் மணலுக்குள் பள்ளமாக ஒரு செங்கல் கட்டுமானம் கிடக்கிறது. 2004 டிசம்பர் சுனாமி மணலை வாரிக்கொண்டு போனபோது ஒரு பாறையில் கல்வெட்டு வெளியே தெரிந்தது; திருவிழிச்சில் என்ற ஊரில் சுப்பிரமணியருக்கு ஒரு கோயில் இருந்ததை அது சொன்னது. தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலக் கோயில், அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் தளம், முன்புறம் கல்லால் ஆன வேல். அடித்தளமும் சில வரிசைச் செங்கல்லும்தான் மிச்சம். “மேலே இருப்பதைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். இந்தக் கரையில் பாதிக் கதை கீழே இருக்கிறது” என்றார். எங்கள் பயணம் உண்மையில் தொடங்கியது அங்கேதான்.

சதுரங்கப்பட்டினத்தில் வேனிலிருந்து இறங்கியதும் முதலில் தெரிவது கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கட்டடங்கள். அவற்றுக்கு அருகிலேயே கடலை நோக்கி டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை சிதைந்து நிற்கிறது. வாயிலில் இரண்டு பீரங்கிகள், உள்ளே புல், தானியக் கிடங்கின் சுவர்கள். ஆட்களே இல்லை. டச்சுக்காரர் இந்தக் கரைக்கு ஏன் வந்தார்கள் என்பதைச் சார் இந்தப் புல்வெளியில் நின்று விளக்கினார். அவர்களுக்கு வேண்டியிருந்தது கிழக்கிந்தியத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும். அங்கே காசுக்கு மதிப்பில்லை. சோழமண்டலத் துணிக்குத்தான் மதிப்பு. இங்கே நெய்த துணியை அங்கே கொடுத்து நறுமணப் பொருளை வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இந்தக் கோட்டையைக் கட்ட வைத்தது, சுற்றுவட்டாரத்துத் தறிகளில் உட்கார்ந்திருந்தவர்களின் கைவேலைதான். கோட்டை என்றாலே படையை நினைக்கும் எனக்கு அந்தச் சொல் புதிதாக இருந்தது.

உள்ளே ஒரு சிறு கல்லறைத் தோட்டம் உண்டு. பூட்டியிருக்கும், காவலரிடம் கேட்டால் திறப்பார். கருங்கல் பலகைகளில் டச்சு எழுத்துகள். சாதாரணக் கல்வெட்டில் எழுத்து கல்லுக்குள் குழிவாக இருக்கும். இங்கே எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் கல்லைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். எழுத்தும், அதற்கு மேலே குடும்பச் சின்னத்தின் கேடயமும் இலைக்கொடியும் புடைத்து நிற்கின்றன. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தின் விளிம்பும் தெரிகிறது. கட்டடக்கலைப் பெண் குனிந்து உட்கார்ந்து வெகுநேரம் அதைத் தன் நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. 1782 பிப்ரவரியில் இந்த ஊருக்கு எதிரே நடுக்கடலில் பிரெஞ்சுக் கப்பல்களும் ஆங்கிலக் கப்பல்களும் பீரங்கியால் மோதிக்கொண்டன. 1824 உடன்படிக்கைக்குப் பின் டச்சுக்காரர்கள் ஊரையே ஆங்கிலேயரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். இறந்தவர்கள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கடப்பாக்கத்துக்கு அருகே ஆலம்பரைக் கோட்டை. கழிமுகத்தின் ஓரத்தில் உடைந்த மதில், அதன் மேல் வேர்விட்ட மரங்கள். நவாபுகள் காலத்தில் எழுந்த கோட்டை, 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் போனது, 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். ஒரு காலத்தில் இங்கே நாணயச் சாலையும் படகுத்துறையும் இருந்தன. மாலை வெயிலில் அழகான இடம். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை அரிக்கமேடு. இந்த இடத்துக்காகவே நான் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருந்தேன்.

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினத்துக்கு அருகில் இருக்கிறது. தோப்புக்குள் நடந்து போனால் இடிந்த செங்கல் தூண்கள் எதிர்ப்படும். குழுவில் ஒருவர் உடனே கைப்பேசியை எடுத்து, ரோமானியர் கட்டியதா என்று கேட்டார். இல்லை, அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கட்டியது. ரோமானியத் தொடர்புள்ள அரிக்கமேடு நம் செருப்புக்குக் கீழே, தோண்டி ஆராய்ந்தபின் மூடப்பட்ட குழிகளில் இருக்கிறது. பார்க்கத் தூண்கள், கேட்கக் கதை. இரண்டும் வேறு வேறு காலத்தவை. வழிகாட்டி இல்லாமல் வருகிறவர்கள் அந்தத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு ரோமாபுரிக் கட்டடம் என்று பெயர் போட்டுவிடுவதைச் சார் மனவருத்தத்தோடு சொன்னார்.

பிறகு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தார். கரையின் ஒரு பகுதியை ஆறு அரித்திருந்தது. 1945இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது, இத்தாலியில் செய்யப்பட்ட சிவப்புப் பளபளப்பு மண்கலங்களின் துண்டுகளும், மது கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. இத்தாலியக் கலங்களின் காலம் ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவற்றோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைகளின் காலமும் அதனால் தெரிந்தது. அதுவரை தென்னிந்தியாவில் ஒரு பானைத் துண்டை எடுத்து இது எந்த நூற்றாண்டு என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. இந்தத் தோப்பிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கியது. பின்னால் 1989 முதல் விமலா பெக்லி மறுபடி தோண்டி, ரோமானியர் வருவதற்கு முன்பே இந்த ஊர் இருந்தது என்று காட்டினார். வெளியிலிருந்து வந்ததாக வீலர் எண்ணிய ரௌலட் கலம் என்ற வகையும் இந்திய மண்ணில் செய்ததுதான் என்பது மண்ணின் ஆய்வில் தெரிந்தது. இதைச் சொல்லும்போது சாரின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைக்க வேண்டியதில்லை.

அவர் தரையிலிருந்து ஒரு ஓட்டைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். மண் கரைந்து ஓடியதும், பானையின் விளிம்புத் துண்டு என்று தெரிந்தது. வெளிப்புறம் சிவப்பு, உட்புறமும் விளிம்பும் கறுப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சூளையில் சுட்டால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்துப்போகும், காற்றுப் படும் வெளிப்புறம் சிவந்துவிடும். உடைந்த ஓரத்தில் அந்தக் கறுப்பும் சிவப்பும் ஒன்றோடொன்று சேரும் கோடு மெல்லியதாகத் தெரிந்தது. கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம். பிறகு அவர் அதை வாங்கி, எந்தக் குழியிலிருந்து எடுத்தாரோ அதே குழியில், அதே பக்கமாக வைத்தார். கோயம்புத்தூர்க்காரர், “சார், ஒரு துண்டுதானே, நினைவுக்கு எடுத்துக்கொள்கிறேன்” என்றார். “வருகிறவர் ஆளுக்கு ஒன்று எடுத்தால் அரிக்கமேடு வீட்டு அலமாரிகளுக்குப் போய்விடும், ஐயா” என்று சார் சொன்ன விதத்தில் கோபமில்லை, ஆனால் மேலே பேசவும் இடமில்லை.

இவ்வளவு பெரிய இடத்தில் ஒழுங்கான விளக்கப் பலகைகளோ, கிடைத்தவற்றின் மாதிரிகளை வைத்த ஒரு சிறு கூடமோ இல்லை. இங்கே கண்ணாடியிலும் கல்லிலும் மணிகள் செய்து கடல் கடந்து அனுப்பியிருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவின் பழைய ஊர்களில் தோண்டினால் அதே வகை மணிகள் கிடைக்கின்றன. அந்த மணியில் ஒன்றை நிலத்தருகே நின்று பார்க்க ஒரு பிள்ளைக்கு வாய்ப்பில்லை. வேலி போட்டுப் பலகை நட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள், ஒரு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துவந்து இங்கே அரை நாள் நின்று பார்க்கட்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுத் தெருக்களைப் பகலில் சார் காட்டவில்லை. மஞ்சள் சுவர்களைப் படம் எடுக்க வழிகாட்டி தேவையில்லை என்பது அவர் எண்ணம். விடியற்காலையில் கடற்கரைக்கு நடத்திப்போய், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்று காட்டினார். பிறகு தமிழர் தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் ஊர் இது. கப்பல் வந்ததையும், விலை ஏறியதையும், ஆளுநர் கோபப்பட்டதையும் நாள்தோறும் தமிழில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அவர் இறந்த அதே 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு கட்டிய நகரம். அதைத் தெரிந்துகொண்டு அந்தத் தெருக்களில் நடப்பது வேறு விதமாக இருக்கிறது.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை என்று சொல்லிக்கொள்ள இடிபாடுகள் கொஞ்சம்தான் இருக்கின்றன. 1690இல் ஆங்கிலேயர் இதை மராத்தியரிடமிருந்து வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள நிலமும் சேரும் என்று ஒப்பந்தம். அவர்கள் சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து, நாலாபக்கமும் சுட்டார்கள். குண்டு தாண்டிப்போன ஊர்களுக்கெல்லாம் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. காலையில் ஏர் பூட்டியபோது மராத்தியர் குடியாக இருந்தவர், மாலையில் கம்பெனியின் குடியாகிவிட்டார். யாரையும் கேட்கவில்லை. கடலூரில் பலமுறை பஸ் மாறியிருக்கிறேன்; இந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததில்லை.

பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகுப் பயணம். நிழலும் குளிர்ச்சியும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. தில்லை மரம் இங்கே இன்னும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று படகுக்காரர் எச்சரித்துவிட்டுக் கிளைகளுக்கு அடியில் குனியச் சொன்னார்.

பூம்புகாருக்கு வந்தபோது உச்சிவெயில். நாங்கள் பணம் கட்டிய நிறுவனம் அந்த நாளுக்கு எழுதியிருந்த நிகழ்ச்சியில் பூம்புகாருக்கு நாற்பத்தைந்து நிமிடம், ஒரு துணிக்கடைக்கு ஒன்றரை மணி நேரம். துணிக்கடையை விட்டுவிடலாம் என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னோம். சார் சிரிக்கவில்லை, ஆனால் அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார். சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் நிகழ்ச்சி நிரலில் கடைகளுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். வழிகாட்டி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த நேரத்தை அவரால் திருப்பிக்கொண்டு வர முடியாது.

1973இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் கடற்கரைக்கு அருகில். எல்லோரும் போவது அங்கேதான். நாங்கள் அதைப் பின்னால் வைத்துக்கொண்டு, முதலில் கீழையூருக்குப் போனோம். வயல் நடுவே ஒரு பள்ளத்தில் பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய மேடை. அதை ஒட்டி மரக்கம்பங்களின் அடிப்பகுதிகள் கிடைத்தன. படகுகளைக் கட்டிவைக்க நட்டவை. கரிமக் கணிப்பில் அந்த மரத்தின் காலம் ஏறத்தாழ கி.மு. 3ஆம் நூற்றாண்டு. இப்போது கடல் அங்கிருந்து தொலைவில் இருக்கிறது, காவிரியும் வேறு பக்கம் மெலிந்து ஓடுகிறது. படகு வந்து நின்ற இடத்தில் நெல் விளைந்திருந்தது.

பட்டினப்பாலை இந்த ஊரின் தெருக்களில் குவிந்த பொருள்களைப் பட்டியல் போடுகிறது. கடல்வழி வந்த குதிரைகள், வண்டியில் வந்த மிளகு மூட்டைகள், ஈழத்து உணவு, காழகத்துப் பொருள்கள். துறைமுகத்தில் சுங்கம் வாங்குகிறவர்கள் மூட்டைகளுக்குச் சோழனின் புலி முத்திரையை இட்டு வெளியே விட்டதையும் சொல்கிறது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த வரிகள். சார் அவற்றைப் பாடமாகச் சொல்லவில்லை; செங்கல் மேடையைக் காட்டி, மூட்டை இங்கே இறங்கியிருக்கும், முத்திரை இட்டவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார் என்று கையை நீட்டினார். “காழகம் என்றது எது சார்?” என்று மலேசிய அம்மா கேட்டார். கடாரம்தான் என்று உரையாசிரியர் சொல்வதாகச் சார் சொன்னார். கடாரம் என்றால் இன்றைய கெடா. அந்த அம்மா பிறந்து வளர்ந்த மாநிலம். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வேனில் முதல் இருக்கைக்கு வந்துவிட்டார்.

தரங்கம்பாடியில் இரவு தங்கினோம். இந்தக் கரையில் ஒரே ஒரு ஊரில்தான் இரவு தங்க முடியும் என்றால் இங்கே தங்குங்கள். 1792இல் கட்டிய வாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்தால், ஒருபக்கம் 1701இல் எழுந்த சீயோன் ஆலயம், மறுபக்கம் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், முன்னால் மணல் திடலும் டேன்ஸ்போர்க் கோட்டையும் கடலும். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620இல் டென்மார்க்குக்கு இந்த இடத்தைக் கொடுத்து எழுதிய கடிதம் பொற்தகட்டில் தமிழில் எழுதப்பட்டது. அது இன்றும் டென்மார்க்கில் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வியாபாரம் நகரத்தை விட்டுப் போனதால் ஊர் அப்படியே நின்றுவிட்டது. சுனாமிக்குப் பிறகு சில வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். தாழ்வாரத்துத் தூண்களும் ஓடும் பழைய முறையிலேயே இருக்கின்றன.

1706 ஜூலையில் இங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, ஊர்ப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதி எழுதித் தமிழ் கற்றார். வந்த சில ஆண்டுகளிலேயே அவரை அனுப்பிய டென்மார்க் அரசின் ஆளுநரே அவரைக் கோட்டையில் சிறைவைத்தார், நான்கு மாதம். 1713 முதல் இங்கே அச்சகம் தமிழ் நூல்களை அச்சிட்டது. 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் வெளிவந்தது. 1719இல் 36 வயதில் இறந்து, தான் கட்டிய ஆலயத்திலேயே அடக்கமானார். அச்சில் ஏறிய தமிழைத் தினமும் வாசிக்கும் நாம் அனைவரும் இந்தத் தெருவுக்கு ஒருமுறையாவது வரவேண்டும் என்று நினைக்கிறேன். மதமாற்றம் பற்றிய வாதத்தை அவரவர் வைத்துக்கொள்ளலாம். ஈய எழுத்துகளைத் தமிழுக்கு வார்க்கப் பட்ட பாடு அதற்கு அப்பாற்பட்டது.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணி நாதர் கோயில். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306ஐ ஒட்டி எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. இப்போது கருங்கல் பாறைகளைக் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். மிச்சக் கோயிலைச் சேர்த்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். புதுப்பூச்சின் பளபளப்பு என் கண்ணுக்கு உறுத்தியது. ஆனால் அர்ச்சகர் தீபம் காட்டிக்கொண்டிருந்தார், மீனவப் பெண்கள் நாலைந்து பேர் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கும்பிடுகிறவர்கள் இருக்கிற கோயிலைப் பழைய நிலையிலேயே இடிந்து கிடக்கவிடு என்று சொல்ல, ஒரு நாள் வந்துபோகும் எனக்கு உரிமையில்லை.

காரைக்காலில் சாப்பாட்டுக்கு மட்டும் நின்றோம். நாகூரில் மாலை. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங். கடலோடிகள் தங்கள் ஆண்டவராக நினைக்கும் ஷாகுல் ஹமீது நாயகத்தின் இடம் இது. கடல் தாண்டிப்போனவர்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நாகூர் தர்காவின் பெயரிலேயே நினைவிடங்கள் எழுப்பினார்கள். வாசல் கடைகளில் வீடு, படகு, கை, கால், கண் என்று மெல்லிய தகட்டில் வெட்டிய உருவங்கள் விற்கிறார்கள். வேண்டுதல் எதுவோ அதை வாங்கிச் செலுத்துகிறார்கள். மலேசிய அம்மா ஒரு படகு வாங்கினார். பினாங்கில் தன் பாட்டி இதே மாதிரித் தகடு வைத்திருந்ததாகச் சொன்னார். பிறகு தெருமுனையில், மேலே இறால் பதித்துப் பொரித்த சூடான வாடா. அதைச் சாப்பிடாமல் நாகூரிலிருந்து கிளம்பக் கூடாது.

நாகப்பட்டினம் கடைசி நாள். கீச்சாங்குப்பம் பக்கம் போனபோது சார் வண்டியை நிறுத்தச் சொல்லி, ஒன்றும் பேசாமல் இறங்கி நின்றார். இந்த மாவட்டத்தில் மட்டும் 2004 சுனாமியில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே அவர் வரலாறு எதுவும் சொல்லவில்லை.

சூடாமணி விகாரத்தின் கதையை நகருக்குள், சத்தமான ஒரு சாலையோரத்தில், ஆட்டோக்களுக்கு நடுவே நின்றபடி கேட்டோம். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசனான சூளாமணிவர்மன் தொடங்கி, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த புத்தப் பள்ளி இது. ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை இதற்குக் கொடுத்தான். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கவைத்தவன் அவன் மகன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன் 1025இல் கப்பற்படை அனுப்பி அதே கடாரத்தைத் தாக்கினான். பிறகு 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டபடி பள்ளியின் உரிமைகளை மறுபடி உறுதிசெய்து இன்னொரு செப்பேடு கொடுத்தான். கொடையும் போரும் மீண்டும் கொடையுமாக நூறு ஆண்டுக்குள் இவ்வளவும். செப்பேடுகள் ஐரோப்பா போய் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. பெரியதில் 21 ஏடுகள், சிறியதில் 3.

விகாரத்தின் மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை நின்றது. கடலில் வரும் மாலுமிகள் அதை அடையாளம் வைத்துக் கரையைக் கண்டார்கள். ஆங்கிலேய அரசு அதிகாரி வால்டர் எலியட் 1846இல் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1867இல் சேசு சபையினர் அரசிடம் அனுமதி வாங்கி அதை இடித்தார்கள். “இடிக்காதீர்கள் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பழுதுபார்க்க முடியாத நிலை என்று சொல்லிவிட்டார்கள்” என்று சார் முடித்தார். அதற்கு முன்னும் பின்னுமாக இந்த ஊர் மண்ணிலிருந்து ஏறக்குறைய 350 புத்த வெண்கலங்கள் கிடைத்தன.

மலேசிய அம்மாதான் முதலில் பேசினார். “எங்கள் வீட்டிலிருந்து மெர்போக் பக்கம்தான், ஐயா. பூஜாங் பள்ளத்தாக்கில் கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை வருஷம் தவறாமல் கூட்டிப்போவேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் கட்டியது என்று சொல்லுவேன். எங்கள் பக்கத்து அரசர் இங்கே கட்டியது எனக்கே தெரியாது.” சார் சற்று நேரம் அவரைப் பார்த்துவிட்டு, “அம்மா, அடுத்த வருஷம் இதையும் சொல்லுங்கள். இங்கே பலகை இல்லை, நீங்கள் அங்கே சொன்னால்தான் உண்டு” என்றார். அவர் சாலையையும், கட்டடங்களையும், எதிர்ப்பக்கத்து டீக்கடையையும் நிதானமாகப் படம் எடுத்துக்கொண்டார். இங்கே வந்தவர்களில் அந்த டீக்கடையைப் படம் எடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். அவருக்கு அது தேவைப்பட்டது. எங்களுக்கும் ஏன் என்று புரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், தை, மாசி மாதங்கள் நல்லவை. அதற்குப் பின் அரிக்கமேட்டிலும் கீழையூரிலும் நின்று கேட்கும்படி வெயில் விடாது. சதுரங்கப்பட்டினம், தரங்கம்பாடிக் கோட்டை இரண்டும் மாலையில் அடைத்துவிடுவார்கள்; முற்பகலிலேயே போய்விடுங்கள். உள்ளூர் வரலாற்று ஆசிரியர்களை விசாரித்து, அவர்களுக்கு உரிய ஊதியம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். இலவசமாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சென்னை திரும்பியதும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நாகப்பட்டினத்துப் புத்தர் வெண்கலங்களில் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. பயணத்துக்கு முன் பார்ப்பதைவிடப் பின்னால் பார்ப்பது நல்லது. சாலையோரத்தில் கேட்டதெல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நிற்கும்போது கைகொடுக்கும்.